ஐந்து நிமிஷத்தில் சொல்கிறேன்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணி சுமாருக்கு, சிற்றிதழ் ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் பல ஆண்டுகளாக நஷ்டத்துக்கு நடத்திவரும் நண்பர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய கட்டுரையின் அடிக்குறிப்புக்காக, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முதன்முதலில் பிரசுரமான வருஷம் 1878-ஆ, 1879-ஆ என்று கேட்டார். “ஐந்து நிமிஷத்தில் சொல்கிறேன்” என்று வாக்களித்துவிட்டுக் கணினியின் முன்னே உட்கார்ந்தேன். இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றின் பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. 1879 என்று முதற்பத்தியிலேயே எழுதியிருந்தது. தொலைபேசியை எடுத்து அந்த நான்கு இலக்கங்களையும் சொல்லிவிட்டுப் படுக்கப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது.

அந்த வருஷத்துக்குச் சில வரிகள் கீழே, ‘தாது வருஷப் பஞ்சம்’ என்ற சொற்கள் நீல நிறத்தில் இருந்தன. குழந்தைகள் நாங்கள் சோற்றைச் சிந்தினால், “தாது வருஷத்திலே பிறந்திருக்கணும் நீங்களெல்லாம்” என்று என் பாட்டி, தாம் கண்ணால் பார்த்திராத ஒரு பஞ்சத்தைத் தம் பாட்டியின் வாய்மொழியாகவே சுமந்துகொண்டு கடிந்துகொள்வது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே அந்தச் சொற்களைத் தொடாமல் என்னால் நகர முடியவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியையும் மைசூரையும் பம்பாய், ஹைதராபாத் பிரதேசங்களையும் வாட்டி, அரைக் கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பஞ்சத்தின் கதையில், மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொடுத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்ததும், அந்தக் கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியதும் ஒரு பக்கம். அதே பஞ்ச காலத்தில், 1877 ஜனவரி முதல் தேதியன்று டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்த வைசிராய் லிட்டன் பிரபு மறுபக்கம். லிட்டன் என்ற பெயரும் நீலமாகத்தான் இருந்தது.

லிட்டனின் தகப்பனார் எட்வர்டு புல்வர்-லிட்டன், தம் காலத்தில் ஏராளமாக விற்பனையான நாவல்களை எழுதியவர். பேனாவை வாளுக்கு மேலாக வைத்துப் பேசுகிற அந்தப் பிரசித்தமான வசனம், நம் பள்ளிக்கூடங்களின் பேச்சுப் போட்டிகளில் மேஜைகளை அதிரவைக்கிற அந்த வசனம், அவர் 1839-இல் எழுதிய ‘ரிஷ்லியூ’ என்ற நாடகத்திலிருந்து புறப்பட்டது. அப்படிப்பட்ட தகப்பனாருடைய பிள்ளைதான், வைசிராயாக இங்கே வந்து, 1878-இல் தேசபாஷைப் பத்திரிகைச் சட்டம் என்ற ஒன்றைப் பிறப்பித்து, இந்திய மொழிகளில் நடந்த பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டார். தகப்பன் பேனாவைப் பாடியதும் பிள்ளை பேனாவைப் பறித்ததும் தனித்தனியே எனக்கு முன்பே தெரிந்த விஷயங்கள். இருவரும் தகப்பனும் பிள்ளையும் என்பது மட்டும் அன்றிரவு வரை என் மனத்தில் ஒட்டியிருக்கவில்லை. இதை நான் வாசித்த பக்கங்களுள் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. அது இரண்டு பக்கங்களுக்கு நடுவிலே, அந்த வழியாக நடந்து போகிறவன் கண்ணில் மட்டுமே படும்படியாகக் கிடந்தது. இணைய சஞ்சாரத்தைப் பழிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலில் பாதி இதுவே. மறுபாதியை அவர்கள் பக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏனென்றால் அங்கேயே நான் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. புல்வர்-லிட்டன் 1834-இல் எழுதிய ‘பாம்பேயின் கடைசி நாட்கள்’ என்ற நாவல் என்னை வெசுவியஸ் எரிமலைக்கு இழுத்துச் சென்றது, எரிமலை, கி.பி. 79-இல் அது வெடித்தபோது உயிர்விட்ட மூத்த பிளினியிடம் ஒப்படைத்தது. இந்த பிளினியைப் பற்றிச் சற்று நின்று சொல்லத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு இவரைவிடப் பொருத்தமான மூதாதை கிடைக்கமாட்டார். முப்பத்தேழு புத்தகங்களாக விரிந்த ‘இயற்கை வரலாறு’ என்ற மகா கிரந்தத்தைத் தொகுத்த இவர், உணவருந்தும்போதும், குளித்துவிட்டு உடம்பைத் துவட்டும்போதும் பக்கத்தில் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தாராம்; மருமான் ரோமாபுரித் தெருவில் நடந்து போவதைப் பார்த்துவிட்டு, பல்லக்கில் போனால் அந்த நேரத்திலும் வாசிக்கலாமே என்று கடிந்துகொண்டாராம். அந்த மருமானே பின்னாளில் எழுதிய கடிதங்களில் இவையெல்லாம் இருக்கின்றன. மிசேனத்தில் கடற்படைத் தளபதியாக இருந்தவர், வெசுவியஸின் மேலே விசித்திரமான ஒரு மேகம் எழுவதைக் கண்டு, அருகில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆவலால் ஒரு சிறு மரக்கலத்தைச் சித்தம் செய்யச் சொன்னார், புறப்படும் தறுவாயில் அபயம் கேட்டுச் செய்தி வரவே, பார்க்கப் புறப்பட்டவர் காப்பாற்றப் போனார், திரும்பவில்லை.

அவருடைய நூலில்தான், இந்தியாவும் சீனமும் அராபியாவும் சேர்ந்து ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ரோமாபுரியிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகின்றன, நம் ஆடம்பரமும் நம் பெண்டிரும் நமக்கு வைக்கும் செலவு இது, என்கிற அங்கலாய்ப்பும் முசிறித் துறைமுகத்தின் பெயரும் வருகின்றன. முசிறி! சங்கப் புலவர்கள் பாடிய, யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட நம் சேர நாட்டு முசிறி! மணி பன்னிரண்டைத் தாண்டியதை நான் கவனிக்கவில்லை. 2007 முதல் முசிறியைத் தேடிக் கேரளத்துப் பட்டணம் கிராமத்தில் நடந்த அகழாய்வைப் பார்த்தேன். அங்கிருந்து வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்துக்குப் போய், முசிறி வாணிகத்துக்காக வாங்கிய கடனுக்குக் கிரேக்க மொழியில் எழுதிய ஒப்பந்தத்தை ஒரு புறமும், கங்கைக்கரைச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமுமாக வந்திறங்கிய சரக்கின் மதிப்பை மறுபுறமும் தாங்கி நிற்கிற, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிரஸ் ஏட்டைப் பார்த்தேன். அந்தச் சரக்கைச் சுமந்த கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன் என்று அறிந்து, காரணமில்லாமல் சந்தோஷப்பட்டேன். உலாவியின் தலைமாட்டில் முப்பத்தொரு பக்கங்கள், தெருக்கூத்துக்கு இடம்பிடித்த பாய்கள்போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு திறந்து கிடந்தன. அவற்றுள் முதலாவது எதற்காகத் திறக்கப்பட்டது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

இந்த அவஸ்தைக்கு ஆங்கிலத்தில் முயல் வளை என்று பேர் வைத்திருக்கிறார்கள். லூயிஸ் கரோல் 1865-இல் வெளியிட்ட ஆலிஸின் கதையிலிருந்து எடுத்த உவமை. எனக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. ஆலிஸ் திடீரென்று விழுந்த குழந்தை. விழத் தொடங்கிய பிறகு அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நாமோ விழுவதில்லை, ஒவ்வொரு படியையும் நாமே விரலால் தொட்டுத் தொட்டு இறங்குகிறோம், இறங்குகிற ஒவ்வொரு தடவையும் இது ஒன்றுதான், இதோடு சரி என்று நமக்கு நாமே சத்தியமும் செய்துகொள்கிறோம்.

தமிழில் இந்த நீலச் சொற்களுக்குச் சுட்டி என்று பேர் வந்து நிலைத்திருக்கிறது. யார் வைத்தார்களோ, அவர்களுக்கு இலக்கணமும் தெரிந்திருக்கிறது, குழந்தைகளையும் தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிற துடுக்கான பிள்ளையையும் நாம் சுட்டி என்றுதானே சொல்கிறோம்? இலக்கணத்தைப் பார்த்தாலோ, தொல்காப்பியர் காலம் தொட்டு அகரம், இகரம், உகரம் என்று மூன்று சுட்டெழுத்துக்கள் நமக்கு உண்டு. அருகில் இருப்பது இது; தொலைவில் இருப்பது அது; இரண்டுக்கும் இடையில் இருப்பது உது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது என்ன?’ என்று கேட்கிறவர்களிடம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இணையத்தின் சுட்டி இந்த உகரச் சுட்டைச் சேர்ந்தது என்பது என் துணிபு. அது நம் கையில் இருப்பதையும் காட்டுவதில்லை. எட்டாத தூரத்தில் இருப்பதையும் காட்டுவதில்லை. எப்போதும் இன்னும் ஓர் எட்டு வைத்தால் போதும் என்ற இடைத்தூரத்தில் இருப்பதையே காட்டுகிறது. போய்ச் சேர்ந்தால் அங்கேயும் இன்னோர் உது காத்திருக்கிறது.

இந்தச் சுட்டியைக் கற்பனை செய்தவர்கள் நம்மைத் தொலைப்பதற்காகவா கற்பனை செய்தார்கள்? இல்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சிகளையெல்லாம் ஒருங்கிணைத்து நடத்திய வன்னிவர் புஷ் என்பவர், யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஜூலை மாதத்து ‘அட்லாண்டிக்’ சஞ்சிகையில் ஒரு வியாசம் எழுதினார். மனித மூளை அகர வரிசையில் யோசிப்பதில்லை, ஒன்று மற்றொன்றை நினைவூட்டத் தாவித் தாவி யோசிக்கிறது. நூலகத்தின் அட்டவணைகளோ அந்தச் சுபாவத்துக்கு விரோதமாக இருக்கின்றன. ஆகவே நுண்படச் சுருளில் ஒரு மனிதனுடைய புத்தகங்கள், கடிதங்கள் யாவற்றையும் அடக்கிய ஒரு மேஜையைச் செய்து, அதில் எந்தப் பக்கத்தையும் எந்தப் பக்கத்தோடும் முடிச்சுப் போட வழி செய்தால் என்ன என்று அவர் கேட்டார். மெமெக்ஸ் என்று பெயரிட்ட அந்த மேஜை கடைசிவரை செய்யப்படவே இல்லை.

ஆனால் அந்த வியாசத்தில் அவர் சொல்லிய உதாரணத்தை நான் பல முறை திரும்பப் படித்திருக்கிறேன். சிலுவைப் போர்களில் துருக்கியரின் குட்டை வில் ஆங்கிலேயரின் நெடிய வில்லைவிட ஏன் மேலாக இருந்தது என்று ஒருவர் ஆராய்கிறார். கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை, சரித்திர நூலில் ஒரு பகுதி, பொருள்களின் மீள்தன்மையைப் பற்றிய பாடநூல், இடையிடையே தம் கையெழுத்தில் ஒரு குறிப்பு என்று வரிசையாக முடிந்துகொண்டே போகிறார். அந்த வரிசைக்கு ஒரு பெயர் வைக்கிறார். சில வருஷங்கள் கழித்து நண்பர் ஒருவரோடு சம்பாஷணையில் அதே பேச்சு வர, மேஜையில் அந்தப் பெயரை அழுத்துகிறார். போன வழி முழுவதும் மீண்டும் எழுந்து நிற்கிறது. அதை அப்படியே பிரதி எடுத்து நண்பருக்குக் கொடுத்துவிடுகிறார். இதையெல்லாம் தொழிலாகவே செய்கிற, பிறர் நடப்பதற்காக வழி வெட்டிக் கொடுக்கிற ஒரு வர்க்கத்தாரே தோன்றுவார்கள் என்றும் புஷ் எதிர்பார்த்தார். அவருடைய சொப்பனத்தில் விலையுயர்ந்த பொருளாக இருந்தது தாவுகிற வசதியன்று. தாவிய வழியைப் பாதுகாக்கிற வசதி. நமக்கு வாய்த்த உலாவியில் வரலாறு என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நாம் பார்த்த பக்கங்களெல்லாம் நியாயவிலைக் கடை வரிசைபோல நேரப்படி நிற்கின்றன. எதிலிருந்து எது கிளைத்தது, ஏன் கிளைத்தது என்ற விவரம் அங்கே கிடையாது.

அறுபதுகளில் டெட் நெல்சன் என்ற அமெரிக்கர் இந்த எண்ணத்துக்கு மீயுரை என்ற பொருள்படும் பெயரைச் சூட்டி, சனாடு என்ற பெயரில் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார். அவர் திட்டத்தில் சுட்டி இருவழிப் பாதை. சென்றடைகிற பக்கத்துக்கும் தன்னை எந்தப் பக்கம் சுட்டியது என்று தெரியும். சனாடு என்பது கவி கோலரிட்ஜ் பாடிய அரண்மனை இருந்த ஊர். கனவில் வந்த அந்தக் கவிதையை எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் ஏதோ அலுவலாக வந்து கதவைத் தட்டினார், அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது மிச்சம் மறந்துபோய்விட்டது என்று கவியே எழுதிவைத்திருக்கிறார். குறுக்கீட்டால் முறிந்த கவிதையின் பெயரை ஒரு திட்டத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? அதுவும் நெல்சன் நினைத்த உருவத்தில் நிறைவேறவில்லை. 1989 மார்ச்சில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் தம் மேலதிகாரியிடம் கொடுத்த எளிய யோசனைதான் வென்றது. தெளிவில்லை, ஆனாலும் உற்சாகம் தருகிறது என்ற கருத்தில் அந்த அதிகாரி அதன் தலைப்பில் குறித்துவைத்தாராம். இந்த வலையில் சுட்டி ஒருவழிப் பாதை. யாரையும் கேட்காமல் யாரும் யாரையும் சுட்டலாம். 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் அதை உலகத்துக்கு உரிமைத்தொகை இல்லாமல் தாரைவார்த்தது. வலை அவ்வளவு சீக்கிரம் பரவியதற்கும், அதற்குள் போனவன் திரும்பி வரும் வழி அவ்வளவு மங்கலாக இருப்பதற்கும் இந்த எளிமையில் பங்கு உண்டு.

சுட்டியால் தாவுவது இணையம் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்ஸில் தீதரோவும் தாலம்பேரும் 1751 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில், ‘காண்க’ என்று ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும் குறிப்புகள் ஏராளம். தணிக்கை அதிகாரிகள் கட்டுரைகளைத்தான் வாசிப்பார்கள், குறிப்புகளைத் தொடர்ந்து போகமாட்டார்கள் என்ற தைரியத்தில், மனித மாமிசம் உண்போரைப் பற்றிய கட்டுரையின் முடிவில் ‘நற்கருணை, பலிபீடம் காண்க’ என்று எழுதி நமட்டுச் சிரிப்புச் சிரித்தவர்கள் அவர்கள். நம் பக்கத்திலோ, சென்னைப் பண்டிதர் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அபிதான சிந்தாமணியில் ஏதேனும் ஒரு ரிஷியின் பெயரைத் தேடிப் போய், அவர் சாபம், சாபத்துக்கு ஆளானவன், அவன் குலம், அந்தக் குலத்துப் பெண் ஒருத்தியின் சுயம்வரம் என்று பொழுது சாய்ந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்த அனுபவம் என் தலைமுறையில் பலருக்கு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கன்னிமாரா நூலகத்தின் உசந்த கூரையின் கீழே, பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களில், வேறொரு கட்டுரையைக் காண்க என்று அது ஆக்ஞாபித்தால், நான் நாற்காலியை விட்டு எழுந்து, அலமாரி வரை நடந்து, தூக்கினால் தோள் கேட்கும் கனத்தில் இருந்த இன்னொரு தொகுதியைச் சுமந்துவர வேண்டும். அந்தப் பத்தடி நடைக்குள் ஆவல் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும். எதற்காகப் போகிறோம்? அவசியந்தானா? பாதி தடவைகளில் நான் நடுவழியிலேயே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்டு என்ற இருவர், மனிதர்கள் தகவல் தேடுவதை மிருகங்கள் இரை தேடுவதோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மோப்பம் பிடித்துப் போகிற மிருகம் ஒரு புதரில் எவ்வளவு நேரம் மேயும் என்பது, அடுத்த புதர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தூரமாக இருந்தால் இருக்கிற புதரை நன்றாக மேய்ந்துவிட்டே கிளம்பும். பக்கத்திலேயே இருந்தால் நுனி இலையைக் கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். நம் வீட்டுக் கொல்லையில் ஆட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிய சாஸ்திரம் அன்று. கன்னிமாராவில் அடுத்த புதர் பத்தடி தூரத்தில் இருந்தது. இணையத்தில் அது விரல்நுனியில் இருக்கிறது. நான் அன்றிரவு திறந்த முப்பத்தொரு பக்கங்களுள் எதையாவது கடைசி வரி வரை வாசித்தேனா என்று கேட்டால், பிளினியின் மரணத்தை மட்டும்தான் வாசித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் கிளை விட்டுக் கிளை தாவுவதைக் குற்றமாக நினைத்தவர்கள் அல்லர். அதைக் கலையாகவே வளர்த்தவர்கள். மேலே சொன்ன கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை வைத்துக்கொண்டு ராப்பொழுது முழுவதும் கதை சொன்ன பாகவதர்களை நினைத்துப் பாருங்கள். நந்தன் சிதம்பரம் போகவேண்டும் என்று ஏங்குகிற இடத்தில் பாகவதர் ஏக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஏக்கத்திலிருந்து அசோகவனத்துச் சீதைக்குப் போவார். சீதையிலிருந்து மாமியார் மருமகள் விவகாரத்துக்கும், அங்கிருந்து எதிர்வரிசையில் தூங்கிவழிகிற மிராசுதாருக்கும் வருவார். சபை சிரித்து ஓய்வதற்குள், எந்த அடியில் விட்டாரோ அதே அடியை எடுத்துப் பாட, நந்தன் அதே வரப்பில் அதே ஏக்கத்தோடு நின்றுகொண்டிருப்பான். ஆனால் அந்த ஏக்கம் இப்போது சீதையின் ஏக்கத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கும். கிளைக்கதையின் பிரயோஜனம் திரும்பி வருகிற அந்தக் கணத்தில்தான் கைகூடுகிறது. அந்தாதியில் இதே மர்மம் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது: ஒரு செய்யுளின் அந்தம் அடுத்ததற்கு ஆதி, காரைக்கால் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதியானாலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களைத் தொடுத்த நம்மாழ்வாரின் திருவாய்மொழியானாலும், சுட்டியிலிருந்து சுட்டிக்குப் போவதுபோல ஒன்றிலிருந்து ஒன்று பிறந்துகொண்டே போகும், ஆனால் இறுதி, தொடக்கத்தில் வந்து முட்டி மண்டலித்தாக வேண்டும் என்பது மரபு. இணையத்தில் நமக்குக் கிடைத்திருப்பது மண்டலிக்காத அந்தாதி.

ஹரிகதையைக் காலட்சேபம் என்று சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பொழுதைக் கழிப்பது என்றே அர்த்தம். ஜீவனம் நடத்துவதற்கும், ‘ஏதோ காலட்சேபம் ஆகிறது’ என்று அதே சொல்லைத்தான் சொல்கிறோம். நம்முடைய பொழுது கழிவதே வேறு சிலருக்கு ஜீவனமாகிவிட்ட காலம் இது. இங்கேதான் நான் சுட்டிக்கும் அதன் பெயரைக் கெடுத்த வேறொன்றுக்கும் நடுவே கோடு கிழிக்க விரும்புகிறேன். கலைக்களஞ்சியப் பக்கத்தில் இருக்கும் சுட்டியை, சம்பளம் வாங்காத ஒரு தொண்டர், இதை வாசிக்கிறவனுக்கு அது தெரிந்தால் நல்லது என்று நினைத்துக் கையால் வைத்தார். தொடுவதும் தொடாததும் உங்கள் இஷ்டம். விரலை மேலே தள்ளத் தள்ள முடிவில்லாமல் ஊறி வருகிற கைப்பேசிப் பிரவாகமோ அப்படியன்று. பக்கத்துக்கு ஓர் அடி இருந்தவரை, அடிக்கு வந்ததும் ‘அடுத்தது’ என்று அழுத்த வேண்டியிருந்தவரை, வாசகனுக்கு அந்தக் கன்னிமாரா நடையில் பத்தில் ஒரு பங்காவது மிஞ்சியிருந்தது; 2006-இல் முடிவிலா உருட்டல் என்ற யுக்தியை வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே அதற்காகப் பின்னாளில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். தகவல் பெருகப் பெருக அது விழுங்குகிற கவனம் அருகிப்போகும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-இலேயே எச்சரித்தார். அருகிய பண்டத்துக்கு விலை ஏறும் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் வியாபாரிகள். சுட்டியைத் தொட்டு மூன்று மணி நேரத்தைத் தொலைத்தவனுக்குத் தான் எதைத் தொட்டோம் என்பதாவது தெரியும். உருட்டிக்கொண்டே தொலைத்தவனைக் காலையில் கேளுங்கள், முந்தின இரவு பார்த்தவற்றுள் மூன்றை அவன் சொல்லமாட்டான்.

ஆகவே இணைய விரதம், கைப்பேசி உபவாசம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் உபதேசம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ஆவலையும் அபினியையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். நம் பள்ளிகளில் கணினிப் பாடத்தில் தேடுவது எப்படி என்று கற்பிக்கிறார்கள்; திரும்புவது எப்படி என்று கற்பிப்பதில்லை. எட்டாம் வகுப்பு மாணவனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, ஒரு மணி நேரம் இஷ்டம்போல் திரியவிட்டு, போன பக்கங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு தாவலுக்கும் ஏன் தாவினேன் என்று ஒரு வாக்கியமும், கடைசியில் முதற்கேள்விக்கு விடையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னால், அது வன்னிவர் புஷ் கண்ட சொப்பனத்தின் ஏழை வீட்டுப் பதிப்பாக இருக்கும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். கணினியில்லாத பள்ளிகளில் அபிதான சிந்தாமணியை வைத்துக்கொண்டும் செய்யலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தக் கட்டுரையானாலும் அதன் உடற்பகுதியில் முதலாவதாக வரும் சுட்டியைத் தொட்டு, போன இடத்திலும் முதற்சுட்டியையே தொட்டுக்கொண்டு போனால், பெரும்பாலான கட்டுரைகளிலிருந்து கடைசியில் தத்துவம் என்ற கட்டுரைக்கு வந்து சேரலாம். விசேஷமான மர்மம் ஒன்றுமில்லை. முதல் வாக்கியம் எப்போதும் இன்னது இன்ன வகை என்று வரையறுக்கிறது, வகை பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆயினும், காரில் தொடங்கினாலும் கத்தரிக்காயில் தொடங்கினாலும் வேதாந்தத்தில் போய் முடிகிற ஒரு யந்திரத்தைப் பார்த்து நம் பாகவதர்கள் அதிசயப்பட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே திரிகிறவனுக்கு ஆங்கிலத்தில் திரிகிறவனுக்கு அவ்வளவாக நேராத ஓர் அனுபவம் அடிக்கடி நேரும். நீலச் சுட்டிகளுக்கு நடுவே சிவப்புச் சுட்டிகள் வரும். சிவப்பு என்றால், இந்தப் பெயரில் ஒரு கட்டுரை இருக்கவேண்டும், இன்னும் யாரும் எழுதவில்லை என்று அர்த்தம். தொட்டால் வெற்றுப் பக்கம் திறந்து, நீங்களே எழுதலாமே என்று விநயமாகக் கேட்கும். பாதை முடிகிற இடத்தில் நடந்து வந்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அன்றிரவு ஹெர்மபொல்லோனில் மனம் நிறைந்து, தமிழில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டு, நாலைந்து நீலச் சுட்டிகளைத் தாண்டி, மணி ஒன்றடிக்கிற வேளையில், ரோமானிய வாணிகம் சம்பந்தமான ஒரு சிவப்புச் சுட்டியில் வந்து முட்டிக்கொண்டேன். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு முதன்முறையாக மேற்கொண்டு போக வழியில்லை. வந்த களைப்புத் தீரச் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, வெற்றுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நான்கு வாக்கியங்களை எழுதினேன். எழுதி முடித்துச் சேமிக்கப் போகிற சமயத்தில், சான்று இல்லாத தகவல் நீக்கப்படலாம், தக்க மேற்கோளைச் சேர்க்கவும் என்று ஓர் அறிவிப்புக் கண்ணில் பட்டது. நியாயமான கோரிக்கைதான். மேற்கோளைத் தேடி முப்பத்திரண்டாவது பக்கத்தைத் திறந்தேன்.

காலையில் ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. “என்ன ஐயா, அந்த ஐந்து நிமிஷம் இன்னும் ஆகவில்லையா?” என்றார் நண்பர்.